சட்டைப்பையிலிருந்து புறப்பட்ட அகராதி

1990இல் அமெரிக்காவில் நடந்த இன்டரோப் கண்காட்சியில் ஒரு டோஸ்டரை இணையத்தின் வழியே இயக்கிக் காட்டினார்கள். ஜான் ராம்கி செய்த வேலை அது. செய்து காட்டினால் கண்காட்சியில் நல்ல இடம் தருவதாக முந்தைய ஆண்டே அவரிடம் சொல்லியிருந்தவர், கண்காட்சியை நடத்திய டேன் லிஞ்ச். இணைய வரலாறு எழுதும் பலரும் அந்த டோஸ்டரை மறக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அதே கண்காட்சிக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கப்பட்ட ஒரு சின்ன அகராதியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. டோஸ்டரை விட நெடுந்தூரம் போனது அதுதான்.

அது நெட்வொர்க் சொற்களுக்கான பாக்கெட் அகராதி. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும் என்பதே இன்டரோப்பின் நோக்கம். அங்கே கூடியவர்களோ தொலைபேசித் துறை, கணினி நிறுவனம், பல்கலைக்கழகம் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்தவர்கள். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியவே ஒரு புத்தகம் தேவைப்பட்டது. அதைத் தழுவி ஓலே ஜேக்கப்சனும் டேன் லிஞ்சும் எழுதியது 1991 மார்ச்சில் ஆர்எஃப்சி 1208 என்ற எண்ணோடு வெளிவந்தது.

ஆர்எஃப்சி என்பதைப் புதியவர்களுக்காக இங்கே சொல்லிவிட வேண்டும். இணையத்தின் விதிமுறைகளும் விளக்கங்களும் வெளியாகும் ஆவண வரிசை அது. கருத்துக் கேட்கும் குறிப்பு என்று பெயருக்குப் பொருள். முதல் குறிப்பை 1969 ஏப்ரலில் ஸ்டீவ் க்ராக்கர் எழுதினார். எண் கொடுத்து வெளியிட்ட பிறகு ஓர் ஆவணத்தின் உள்ளடக்கத்தை மாற்ற மாட்டார்கள். திருத்தம் வேண்டுமென்றால் புது எண்ணில் புது ஆவணம்தான். அதனால் இந்த அகராதியின் ஒவ்வொரு பிறவியும் அப்படியே கிடைக்கிறது. எந்தச் சொல் எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்று இன்றும் பார்க்கலாம்.

1993 ஜனவரியில் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்த எண்களில் வந்தன. 1391, இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் கூட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான வழிகாட்டி. 1392, இணையப் பயனர்களுக்கான சொல்லகராதி. முதலாவதை எழுதியவர் கேரி மால்கின். இரண்டாவதை அவரும் ட்ரேசி லாக்வே பார்க்கரும் சேர்ந்து தொகுத்தார்கள். வாசலில் நின்று புதியவர்களை வரவேற்கிறவருக்குத்தான் எந்தச் சொல்லில் அவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரியும். அகராதி அவர் கைக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதில் லர்க்கிங் என்ற சொல்லுக்கு ஒரு பதிவு உண்டு. குழுவில் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது என்று விளக்கிவிட்டு, குழுவின் பழைய கதை பிடிபடும் வரை புதியவர்கள் அப்படி இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. இதற்குள் எப்படி நுழைவது என்று தயங்கி நிற்பவருக்கு இதைவிடப் பயனுள்ள வரி எது?

1996 ஆகஸ்டில் மால்கின் அதைப் புதுப்பித்தார், எண் 1983. ஆர்ச்சி, கோஃபர் என்று இன்றைய மாணவர்கள் கேள்விப்பட்டிராத பழைய இணையச் சேவைகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. பொதுப் பயனருக்கான அந்த வரிசை அதோடு நின்றது. இணையம் ஒரே புத்தகத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெருத்துவிட்டதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அகராதி துறைவாரியாகப் பிரிந்தது. பாதுகாப்புச் சொற்களை ராபர்ட் ஷைரி 2000இல் தொகுத்தார். 2007இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஆர்எஃப்சி 4949, 365 பக்கம். பொருள் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று பதிவுதோறும் ஓர் அடையாள எழுத்துப் போட்டார். ஊடுருவுகிறவர்களை ஈர்த்துப் பிடிக்க வைக்கும் கணினியைத் தேன்குடம் என்பார்கள். வேறு பண்பாட்டில் இதற்கு வேறு உருவகம் இருக்கலாம், எனவே விளக்கம் சொல்லாமல் இதை எழுதாதீர்கள் என்று எச்சரித்தார். உலகம் முழுவதும் படிக்கும் என்ற நினைப்போடு எழுதப்பட்ட அகராதி அது.

இதற்கிடையில் வாசலுக்கு வருகிறவர்களே மாறிப்போனார்கள். 2003இல் ஜெனீவாவில் நடந்த தகவல் சமுதாய உச்சி மாநாட்டில் இணையத்தை யார் நிர்வகிப்பது என்ற கேள்வி வெடித்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் 40 பேர் கொண்ட குழுவை அமைத்தார். தலைவர் இந்தியாவின் நிதின் தேசாய். அவர்கள் முன்னிருந்த முதல் வேலையே இணைய நிர்வாகம் என்றால் என்ன என்று வரையறுப்பதுதான். அரசுகள், தனியார் துறை, குடிமைச் சமூகம் ஆகியவை தத்தம் பங்கில் சேர்ந்து கொள்கைகளையும் விதிகளையும் உருவாக்கி நடைமுறைப்படுத்துவது என்ற வரையறையை 2005இல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் டூனிஸ் மாநாடு அதை ஏற்றது. 2006இல் ஏதென்ஸிலும் 2008இல் ஹைதராபாதிலும் இணைய நிர்வாக மன்றம் கூடியபோது வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தினரும் பொறியாளர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தார்கள்.

இத்தகைய கூட்டங்களில் புதியவரைத் திணறடிப்பது சுருக்கெழுத்துகள் மட்டும் அல்ல. அவற்றை எப்படியாவது கற்றுக்கொண்டுவிடலாம். தெரிந்த சொல் என்று நம்பிப் போவதில்தான் ஆபத்து அதிகம். கருத்தொற்றுமை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் அரசுகள் குழுவில், முறையான எதிர்ப்பு எதுவும் இல்லாத பொது உடன்பாடு என்று அதற்குப் பொருள். பொறியியல் பணிக்குழுவிலோ எல்லா ஆட்சேபத்தையும் கேட்டுப் பதில் சொல்லிவிட்டால், சிலர் ஒப்பாவிட்டாலும் தோராயக் கருத்தொற்றுமை வந்ததாகக் கொள்வார்கள். அறையின் மனநிலையை அறிய வாயை மூடி முனகச் சொல்வதும் உண்டு. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7282 முழுக்க முழுக்க இதைப் பற்றியது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர், தன் எதிர்ப்பு எந்த அளவுக்குச் செல்லும் என்றே அறியாமல் உட்கார்ந்திருப்பார். புதியவர்களுக்கான அகராதி பொருளை மட்டும் சொன்னால் போதாது. எந்த அறையில், யார் சொல்லும்போது அந்தப் பொருள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொருள் மாறும் என்பதை ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மையை முழுதாகக் கடைப்பிடித்தவை டிஎன்எஸ் எனப்படும் டொமைன் பெயர் அமைப்பின் சொற்களுக்கான அகராதிகள். அந்த அமைப்பின் அடிப்படை ஆவணங்கள் 1987இல் வந்தவை. அதன் பிறகு விதிகள் பல ஆவணங்களில் சிதறின, சொற்களின் பொருளும் நகர்ந்தது. பால் ஹாஃப்மன், ஆண்ட்ரூ சல்லிவன், கசுனோரி ஃபுஜிவாரா மூவரும் தொகுத்த ஆர்எஃப்சி 7719, 2015 டிசம்பரில் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூல ஆவணத்தைக் காட்டினார்கள். நிபுணர்களே ஒரு சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொள்வதை முன்னுரையிலேயே சொல்லி, விரைவில் திருத்திய பதிப்பு வரும் என்று வாக்களித்தார்கள். அதன்படி 2019இல் 8499 வந்தது. 2024 மார்ச்சில் 9499. லேம் டெலிகேஷன் என்ற பழைய சொல்லுக்கு இந்தக் கடைசிப் பதிப்பு தரும் பதிவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரு டொமைனுக்குப் பொறுப்பு என்று சுட்டப்பட்ட சர்வர் பொறுப்பான பதில் தராத நிலையைக் குறித்த சொல் அது. இதன் பொருளில் இன்று ஒருமித்த கருத்து இல்லை, இது வரலாற்றுச் சொல், தெளிவான வேறு சொற்களை எழுதுங்கள் என்று அகராதியே சொல்லிவிடுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாத இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மால்கின் 1993இல் எழுதிய அந்த வரவேற்பு வழிகாட்டியும் பல கை மாறிப் புதுப்பிக்கப்பட்டது. 2006இல் அதைத் திருத்தி வெளியிட்ட இருவரில் ஒருவர் இதே பால் ஹாஃப்மன்.

இந்தக் கதை நமக்கும் நெருக்கமானது. .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்ற மூன்று உயர்நிலை டொமைன்கள் தமிழ் எழுத்தில் இணையத்தின் வேர் மண்டலத்தில் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் வடிவத்துக்கும், கணினிகள் பரிமாறிக்கொள்ளும் ரோமன் எழுத்து வடிவத்துக்கும் தனித்தனிப் பெயர்களை 2010இல் வந்த ஆர்எஃப்சி 5890 வரையறுத்தது. நம் எழுத்து எந்த விதிப்படி இணைய முகவரியாகிறது என்று முடிவாகும் கூட்டங்களுக்கு நம் இளைஞர்கள் போக வேண்டும். அவர்கள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு சொல்லடைவு வேண்டும். கல்லூரிகளின் கணினித் துறையினரும் சட்டத் துறையினரும் தமிழ்க் கணிமை அமைப்புகளும் இதைச் சேர்ந்து தொடங்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூல ஆவணம், ஆண்டு, யார் பயன்படுத்துகிறார்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். பொருளில் சண்டை இருந்தால் சண்டை இருக்கிறது என்றே எழுதுங்கள். முதல் பதிப்பு குறைகளோடு வரட்டும், எண்ணையும் ஆண்டையும் போட்டு வெளியிடுங்கள். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.