உடலில் எழுதிய அந்தஸ்து: ரோமும் தென் திருவிதாங்கூரும் சைபர்பங்க் புனைவும்

ரோமை வைத்து எதிர்காலத்தைப் புனையும் வழக்கம் பழையது. 1940களில் ஐசக் அசிமோவ் எழுதத் தொடங்கிய 'ஃபவுண்டேஷன்' கதைகளுக்கு வரலாற்றாசிரியர் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாறே தூண்டுதல். 2008இல் வெளிவந்த 'ஹங்கர் கேம்ஸ்' நாவலில் நாட்டின் பெயரான பானெம், ரொட்டியையும் கேளிக்கையையும் குறித்த லத்தீன் தொடரிலிருந்து வந்தது. அசிமோவ் பேரரசின் சரிவை எடுத்துக்கொண்டார், இந்த நாவல் அரங்கின் குருதியை எடுத்துக்கொண்டது. ஆனால் 1984இல் வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நிலைநிறுத்திய சைபர்பங்க் வகைக்குத் தேவைப்படுவது வேறொன்று. நிறுவனங்கள் அரசை விஞ்சி நிற்க, மனித உடலுக்குள்ளேயே இயந்திரம் குடியேறிய உலகம் அது. அங்கே ஒருவர் எந்தப் படிநிலையில் இருக்கிறார் என்பதை அவர் உடலிலிருந்தே படித்துவிட வேண்டும். இதற்கு ரோம் தருவது போர்களையல்ல, உடைச் சட்டங்களை.

ரோமில் டோகா எனும் மேலங்கி குடிமகனுக்கு மட்டுமே உரியது. உள்ளாடையில் அகலமான ஊதாப் பட்டை இருந்தால் செனட்டர், குறுகியது என்றால் அதற்கடுத்த வகுப்பினர். அடிமைகளுக்கும் தனி உடை வகுக்கலாம் என்று செனட்டில் ஒருமுறை யோசனை எழுந்ததாகவும், தாங்கள் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் அது கைவிடப்பட்டதாகவும் ரோமத் தத்துவஞானி செனெகா எழுதுகிறார். என் பார்வையில் ரோமச் சமூகம் பற்றி நமக்குக் கிடைத்த குறிப்புகளில் இதுவே புனைவாசிரியருக்கு மிகவும் பயன்படுவது. அடையாளம் ஆள்பவருக்கு வசதி; அதே அடையாளம் ஆளப்படுவோரை ஒன்றுசேர்த்தும் விடும். பிற்காலத்தில் தப்பியோடிய அடிமைகளின் கழுத்தில், பிடித்து உடையவரிடம் சேர்க்கும்படி எழுதிய உலோக வளையம் பூட்டப்பட்டது. 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் சிக்கலும் இதுதான்: செயற்கை அடிமைகள் மனிதரைப் போலவே தோன்றுவதால், அவர்களைப் பிரித்தறிய ஒரு சோதனை தேவைப்படுகிறது.

தமிழில் எழுதுபவர் இதற்காக ரோம் வரை போக வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரில், இன்று கேரள எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களிலும், இன்று குமரி மாவட்டமாக உள்ள பக்கத்துத் தாலுகாக்களிலும் 19ஆம் நூற்றாண்டில் உடை அரசாணையின் பொருளாகவே இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிவதை எதிர்த்துச் சந்தைகளிலும் சாலைகளிலும் தாக்குதல்கள் நடந்தன. 1829இல் வந்த அரசாணை உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியும் உரிமையை நாடார் பெண்களுக்கு மறுத்தது. தோள்சீலைக் கலகம் எனப்படும் இந்த மோதல் 1858இல் மீண்டும் வெடித்தது. சென்னை அரசின் அழுத்தத்துக்குப் பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூரின் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை பிறப்பித்தார். அதன் வாசகத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். குப்பாயம் எனும் மேற்சட்டை அணியலாம்; மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி போர்த்தலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. மார்பை மறைக்க இசைந்த அரசு, வேற்றுமையை மறைக்க இசையவில்லை. தோள்சீலைக் கலகத்தின் முழு வெற்றியாக அந்த ஆணையைக் கொண்டாடுவோர் இந்த நிபந்தனையைத் தவறவிடுகின்றனர்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 1855இல், திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டிருந்தது. சட்டத்தில் அடிமை இல்லாமல் போன பிறகும் கழுத்தில் கல்மாலை இருந்தது. புலையர் பெண்கள் உலோக நகை அணியத் தடை இருந்ததால், கல்மணி மாலையே அவர்களின் சாதிக்குறியானது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த புலையர் தலைவர் அய்யங்காளி, 1893இல் தலைப்பாகையுடன் வில்வண்டியில் பொதுவழியில் சென்றார். அவர் தலைமையில் 1915இல் கொல்லம் பெரிநாட்டில் பெண்கள் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். ரோமின் கழுத்து வளையத்தை யாரும் இப்படிக் கூட்டமாக அறுத்ததாகப் பதிவில்லை.

தமிழ் அறிவியல் புனைவில் இந்த நூலிழையைத் தொட்டவர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வில் பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்குகின்றன: நிலா, சிபி, ரவி. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். ஆனால் அங்கே குறி எல்லோருக்கும் ஒன்றே. சாதிபோல் படிப்படியாகப் பிரிப்பதில்லை.

அந்தப் படிநிலைக்கு இன்றைய எல்லைக் கிராமமே மாதிரி தருகிறது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் உறவினர்கள் எல்லைக்கு இருபுறமும் ஆனார்கள். கேரளத்து ரேஷன் அட்டை மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என நான்கு நிறங்களில் வீட்டை வகைப்படுத்துகிறது. கடையில் விரலை இயந்திரத்தில் வைத்து அரிசி வாங்குகிறார்கள். ரோமிலும் இதற்கு இணை உண்டு: பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அந்நகரில் சுமார் 2,00,000 பேர் இலவசத் தானியம் பெற்றனர். பட்டியலில் பெயர் இருந்தால் தானியம், இல்லையென்றால் இல்லை. பாறசாலையில் பதிவேட்டின் இடத்தில் இருப்பது விரல்ரேகை. வயல்வேலையில் ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது அந்த உடலுக்கு என்ன நேரும் என்பதிலிருந்து ஒரு தமிழ் சைபர்பங்க் நாவல் தொடங்கலாம்.