கருகினதெல்லாம் பட்டுப்போனதா?

கள்ளக்குறிச்சிக்காரன் உறைபனியைப் பத்தி எழுதுறான்னா உங்களுக்குச் சிரிப்புதான் வரும். எங்க ஊர்ல பனின்னா மார்கழி காலையில வண்டி சீட்டை நனைச்சு வைக்கும், அவ்வளவுதான். மேற்கே கல்வராயன் மலை ஏறினாலும் பெருசா மாறாது. சின்னக் கல்வராயன் சராசரியா 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. வெள்ளிமலையில ராத்திரி கம்பளி கேக்கும். ஆனா மரத்தைக் கொல்ற குளிர் இல்லை. அந்தக் குளிரைத் தமிழ்நாட்டுல பார்க்கணும்னா ஊட்டி மாதிரி 7,000 அடி தாண்டணும்.

அப்புறம் எதுக்கு இந்தப் பதிவுன்னா, "பட்டுப்போச்சு"ங்கிற ஒரு வார்த்தைக்காகத்தான். நம்ம பக்கம் வறட்சியிலயோ காட்டுத் தீயிலயோ ஒரு மரம் இலை கருகி நின்னா, யாராவது ஒருத்தர் இந்த வார்த்தையைச் சொல்லிடுவார். அடுத்த வாரம் மரவியாபாரி வந்து நிப்பார். அது நிஜமாவே பட்டுப்போச்சான்னு பார்க்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. அந்தப் பொறுமைக்கு என்ன விலைன்னு உறைபனியோட வரலாறுல நல்லாவே தெரியுது.

முதல்ல நம்ம ஊட்டி. 1848-ல அங்கே தாவரவியல் பூங்கா ஆரம்பிச்சப்போ அதை உருவாக்க வந்தவர் மெக்ஐவர், லண்டன் கியூ தோட்டத்துல பயிற்சி எடுத்தவர். அவருக்குக் குளிர் புதுசில்லை. ஆனா ஊட்டிக் குளிர் வேற மாதிரி. பகல்ல நல்ல வெயில், ராத்திரி மேகமே இல்லாத வானம், காத்தும் அசையாது. தரை சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுடும். குளிர்ந்த காத்து கனமானது, தண்ணி மாதிரி சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்கும். அதனாலதான் மேட்டுல இருக்கிற செடி பிழைச்சுக்கும், பள்ளத்துல இருக்கிறது கருகும். பூங்காக்காரங்க இதுக்குக் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமை. கோத்தகிரி மிலார்னு சொல்ற செடியை வெட்டிட்டு வந்து மென்மையான செடிகளுக்கு மேல போர்த்துறது, காலையில வெயில் உறைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுப் பனியைக் கரைக்கிறது. அவ்வளவுதான்!

இந்தப் பனி நீலகிரியோட நிலத்தையே செதுக்கியிருக்குன்னும் ஒரு கருத்து உண்டு. சோலைக்காடு பள்ளத்துல திட்டுத் திட்டா நிக்குது, சுத்தி ஏன் வெறும் புல்வெளி? வனத்துறை அதிகாரி சி.ஆர்.ரங்கநாதன் 1938-ல எழுதின கட்டுரையில, வெட்டவெளியில முளைக்கிற சோலை மரக்கன்னுகளைப் பனி கொன்னுடுதுன்னு காரணம் சொன்னார். சோலைக்குள்ளே மரக்கூரை போர்வையா இருக்கு, வெளியில இல்லை. இதை மறுத்து எழுதினவங்களும் இருக்காங்க (அது பெரிய சண்டை, தனிப்பதிவா போடலாம்). புல்வெளியில தனியா நின்னு தாக்குப்பிடிக்கிறது நம்ம மரங்கள்ல காட்டுப்பூவரசுதான்.

இனி கொஞ்சம் தூரம் போகணும். அமெரிக்காவின் ஃபுளோரிடா, 1894 டிசம்பர் 29. ஆர்லாண்டோவுல மைனஸ் 8 டிகிரி. ஆரஞ்சு மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையா நின்னுது, ஆனா மரம் சாகலை. ஜனவரி கதகதப்பா இருந்துச்சு. மரங்கள் நம்பி துளிர் விட்டுச்சு, பட்டைக்கடியில பால் ஏறிச்சு. பிப்ரவரி 7, 8-ல திரும்பவும் வந்துச்சு பாருங்க குளிர், அதுதான் கொலை. உள்ளே ஏறின சாறு உறைஞ்சு பட்டை வெடிச்சுடுச்சு. 50 லட்சம் பெட்டிக்கு மேல விளைஞ்ச இடத்துல அடுத்த பருவம் 2 லட்சத்தைக்கூடத் தொடலை. நிறைய பேர் நிலத்தை அப்படியே போட்டுட்டு ஊரைவிட்டே போனாங்க. (குளிர் எட்டாத தெற்குக் கோடிக்கு 1896-ல ரயில் போச்சு. அப்படி வளர்ந்ததுதான் மியாமி!)

இருந்தவங்க கத்துக்கிட்டது ரெண்டு. ஒண்ணு, குளிர் வர்றதுக்கு முன்னாடியே அடிமரத்தைச் சுத்தி ஒட்டு இருக்கிற இடம் மூடுற அளவுக்கு மண் அணைக்கிறது. மேல எல்லாம் போனாலும் அந்தக் குவியலுக்குள்ளே இருக்கிற ஒட்டு பிழைச்சுக்கும். ரெண்டாவது, கருகின உடனே அரிவாள் எடுக்காம இருக்கிறது. உடனே வெட்டினாலோ யூரியா போட்டாலோ இளந்துளிர் வேகமா வரும், அடுத்த பனிக்கு அது பலி. எவ்வளவு தூரம் செத்திருக்குன்னு மரமே காட்டுற வரைக்கும் நிக்கணும். நகத்தால பட்டையைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே பச்சை தெரிஞ்சா உசிர் இருக்கு. இலை இல்லாத கிளை வெயில்ல வெந்துபோகாம சுண்ணாம்பு அடிச்சு வைக்கலாம். ஒட்டுமரம்னா இன்னொரு கவனமும் வேணும். ஒட்டுக்குக் கீழே வர்ற துளிர் வேர்ச்செடியோடது. அதை வளர்த்தா பழைய ரகம் வராது, மறுபடி ஒட்டுக் கட்டணும். நம்ம ஒட்டு மாங்கன்னுக்கும் இதே கணக்குதான்.

1985 ஜனவரியில இத்தாலியின் டஸ்கனிக்கு வந்தது இதைவிட மோசம். ஃபிளாரன்ஸ் பக்கம் மைனஸ் 20-க்கும் கீழே. ஆலிவ் மரங்கள்ல பெரும்பகுதி மேலே செத்துப்போச்சு. விவசாயிகள் தரையோட அறுத்துட்டு, அடிக்கட்டையை மட்டும் பிடுங்காம விட்டாங்க. நம்ம ஊர்ல கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்குக் கரும்பு போடுறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கட்டைக் கரும்பு விடுற மாதிரிதான்! கட்டையிலிருந்து கிளம்பின துளிர்கள்ல நல்லதா மூணு நாலை மட்டும் வச்சு வளர்த்தாங்க. இன்னைக்கு டஸ்கனியில ஒரே தூருலருந்து மூணு நாலு தண்டோட நிக்கிற ஆலிவ் மரத்தைப் பார்த்தா, அது 85-ல தப்பிச்சதுன்னு சொல்லிடலாம்.

தெற்கு பிரான்ஸ்ல புரோவான்ஸ் பக்கம் 1956 பிப்ரவரியில அடிச்ச பனிக்கு நடந்தது நேர்மாறு. காத்திருக்க முடியாத நிறைய பேர் கட்டையைப் பிடுங்கிட்டுத் திராட்சை போட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆலிவ் கட்டை திரும்பக் காய்க்க வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் அடுப்பு எரியணுமே? வேற சிலர் பிடுங்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. பல வருஷம் கழிச்சு அந்த மலைச்சரிவுகள்ல புதரை வெட்டிப் பார்த்தவங்களுக்கு உள்ளே ஆலிவ் தூர்கள் துளிர்த்து நின்னது தெரிஞ்சுது. சுத்தம் பண்ணி, வேண்டாத தண்டைக் கழிச்சு, அதே மரங்கள்லருந்து மறுபடியும் எண்ணெய் எடுத்தாங்க.