மாற்றியமைத்த பிக்கப் வண்டியின் எரிபொருள் சிக்கனம்

மாற்றியமைத்த பிக்கப் வண்டி என்பது கரடுமுரடான பாதைகளில் ஓடுவதற்காகப் பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூரைத் தாங்கி முதலியன பொருத்தப்பட்ட சிறு சரக்கு வண்டி ஆகும். இந்தியாவில் 2016 இல் அறிமுகமான இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் இவ்வாறு மாற்றப்படும் வண்டிகளுள் ஒன்று.

பெரிய டயர் பொருத்தியபின் மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பகுதி வெறும் அளவீட்டுப் பிழையே. டயரின் சுற்றளவு 5% கூடினால், ஓடோமீட்டர் 500 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 525 கி.மீ. ஓடியிருக்கும். அதற்கு 50 லிட்டர் டீசல் செலவானால் மைலேஜ் 10 அன்று, 10.5 ஆகும். டேங்கை முழுதாக நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பி, இத்திருத்தத்துடன் கணக்கிட்ட பின்னரே மற்றவற்றை ஆராய வேண்டும்.

எஞ்சிய இழப்பு உண்மையானது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. ஊத்துக்குளிக்கு அருகே செங்கப்பள்ளி வழியாகச் செல்லும் 544 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி, 80 கி.மீ. வேகத்தில் ஓடுவதைவிட ஏறத்தாழ 56% கூடுதல் தடையை எதிர்கொள்ளும். கூரைத் தாங்கி இதனை மேலும் கூட்டும். தேவையில்லாதபோது கழற்றிவைப்பது செலவற்ற வழி. மண்பாதைக்காகக் குறைத்த டயர்க் காற்றைத் தார்ச்சாலைக்கு வந்ததும் நிரப்பி, நான்கு சக்கர இயக்கத்தையும் விடுவித்தல் வேண்டும்.

பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு பொதுவாகத் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை உறுதிசெய்தது.