நம்பிக்கை மருந்திலா, பெயரிலா?

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்துரைத்தார். இந்நான்கினுள் மருந்து ஒன்று மட்டுமே. ஆனால் அதன் மேலுறையிற் பொறித்த பெயருக்கு நாம் கொடுக்கும் மதிப்போ மற்ற மூன்றையும் விஞ்சி நிற்கின்றது.

ஹுன்னஸ்கிரியவில் நாம் நாளும் காண்பதொன்று உண்டு. காய்ச்சல் என்றால் கடையில் "பனடோல்" என்றே கேட்கின்றோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரசிற்றமோல் கிடைத்தால், "சும்மா கொடுக்கிற குளிசை கேட்காது" என்று வீட்டுப் பெரியோர் ஒதுக்கி வைக்கின்றனர். பனடோல் ஒரு கம்பனி இட்ட பெயர். அதனுள்ளிருக்கும் மருந்து பரசிற்றமோலேயாம்.

இவ்வெண்ணத்தோடு போராடிய பெரியார் ஒருவர் நமக்கு அயலவர். நம்மூரைக் கடந்து 18 வளைவுகளில் இறங்கி மகியங்கனை செல்லும் வீதி, அப்பாற் பதியத்தலாவையில் பிபிலைக்குப் போகும் பாதையோடு இணைகின்றது. அந்தப் பிபிலையில் 1920இல் பிறந்தவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. கண்டித் திரித்துவக் கல்லூரியிற் கற்று, மருந்தியற் பேராசிரியராகிப் பேராதனை மருத்துவ பீடாதிபதியாகவும் விளங்கினார்.

அக்காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தின் பொதுப்பெயரே வழங்கிற்று. தனியார் கடைகளிலோ கம்பனிப் பெயர்களே மலிந்திருந்தன. ஆகவே பொதுப்பெயர் ஏழையின் மருந்துக்கும், கம்பனிப் பெயர் பணமுள்ளவனின் மருந்துக்கும் அடையாளமாயின. இம்மயக்கம் பாமரரிடம் மட்டும் இருந்ததன்று. புதிய மருந்துகளைப் பற்றிய செய்தியை, அவற்றை விற்க வந்த கம்பனிப் பிரதிநிதிகளின் வாயாற் கேட்டறிந்த வைத்தியர்களும் பலர்.

1971இல் பிபிலேயும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதன்வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். தனியார் துறைக்கென இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. உலகெங்கும் விலைகேட்டு மொத்தமாக வாங்கியதாற் பல மருந்துகளின் விலை வெகுவாக இறங்கிற்று. ராஜ்ய ஒசுசல கடைகளும் அக்கூட்டுத்தாபனத்தினவே.

எதிர்ப்பும் எழுந்தது. கம்பனிகள் தம் இலாபத்துக்காக எதிர்த்தன. வைத்தியர் சிலரோ, "மலிந்த மருந்தின் தரத்துக்கு யார் பிணை? எதை எழுதுவது என்பது எம் உரிமையன்றோ?" என்றனர். பிந்திய கேள்விக்கு விடை கூறுவது எளிது. முந்தியதை நாம் தள்ளிவிடலாகாது. 2023இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்தின் தரம்பற்றி எழுந்த முறைப்பாடு நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம். மலிவு மட்டும் நம்பிக்கையைத் தராது, பரிசோதனையே தரும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டதும் இதன்பொருட்டே.

1977 செப்டெம்பரில் பிபிலே கயானா நாட்டிற் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. வேண்டிய மருந்து சிலவே, அவை எல்லார்க்கும் எட்டவேண்டும் என்ற கொள்கையை நம் சிறு தீவு அதற்கு முன்னரே நடைமுறையிற் காட்டியிருந்தது.

வாலிப அன்பர்களே, வள்ளுவர் கூறிய நான்காமவர் நாமே. வீட்டு முதியோருடன் மருந்தெடுக்கச் செல்லும்போது உறையிலுள்ள பொதுப்பெயரை வாசித்துச் சொல்வோம். ஒரே மருந்தை இரு பெயரில் இருமுறை விழுங்கும் ஆபத்தைத் தடுப்போம். ஐயம் எழுந்தால் வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்போம். பெரியோர்களே, காசு கொடாது பெற்றதென்று குளிசையை எறிந்துவிடாதீர்கள். அது நம் எல்லோருடைய வரிப்பணத்தில் வந்தது. அதனை நம் கைக்கு எட்டச்செய்ய ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.