செயற்கைக்கோள் காற்று மாசு அளவீடுகளின் தரைவழிச் சரிபார்ப்பு

செயற்கைக்கோள் காற்று மாசு அளவீடுகளின் தரைவழிச் சரிபார்ப்பு என்பது, செயற்கைக்கோள் தரவிலிருந்து கணக்கிடப்படும் மாசு அளவுகளைத் தரைக் கருவிகளின் அளவீடுகளுடன் ஒப்பிட்டுப் பிழையை அறியும் முறையாகும். மாசு கண்காணிப்பு நிலையம் இல்லாத ஊர்கள் செயற்கைக்கோள் மதிப்பீட்டையே சார்ந்துள்ளன. அம்மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதை இச்சரிபார்ப்பே காட்டுகிறது.

தேவை

செயற்கைக்கோள் மாசை நேரடியாக அளப்பதில்லை. நிலம், கடல், காற்றிலுள்ள நுண்துகள்கள் ஆகியவற்றிலிருந்து மேலே திரும்பும் சூரிய ஒளியையே அது பதிவு செய்கிறது. அதிலிருந்து நிலம் அல்லது கடலின் பங்கைப் பிரித்து, துகள்களின் ஒளியியல் தடிமன் கணக்கிடப்படுகிறது. இப்பங்கு தவறாக மதிப்பிடப்பட்டால் விடையும் தவறாகும். தரையிலுள்ள சூரிய ஒளிமானி சூரியனையே நேராக நோக்கி, வழியில் ஒளி எவ்வளவு குறைந்தது என்று அளப்பதால் இச்சிக்கல் அதற்கு இல்லை.

முறை

நாசாவின் டெரா (1999), அக்குவா (2002) செயற்கைக்கோள்களில் மோடிஸ் கருவி பொருத்தப்பட்டது. அதன் தரவைச் சரிபார்க்க, நிலையத்தைச் சுற்றிய 50 கி.மீ. சதுரப் பரப்பின் சராசரியும், செயற்கைக்கோள் கடந்த நேரத்திற்கு அரை மணி முன்பின்னான தரை அளவீடுகளின் சராசரியும் ஒப்பிடப்பட்டன. நிலத்தின் மீது எதிர்பார்க்கப்படும் பிழை ±(0.05 + தடிமனில் 15%) ஆகும்.

இந்தியப் பகுதியில்

1999 சனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வின்போது (இண்டோயெக்ஸ்), மாலைத்தீவின் காசிதூ தீவிலிருந்த நிலையத்தின் அளவீடுகள் செயற்கைக்கோள் தரவுடன் ஒப்பிடப்பட்டன. வீ. ராமநாதன், பவுல் குருட்சன் ஆகியோர் இவ்வாய்வை வழிநடத்தினர். உலகளாவிய ஏரோநெட் வலையமைப்பின் நிலையம் ஒன்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2001இல் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகம், பல அலைநீளங்களில் சூரிய ஒளியை அளக்கும் கருவிகளைக் கொண்டு 1980களிலிருந்தே நுண்துகள்களை ஆராய்ந்து வருகிறது.

கடற்கரைப் பகுதிகள்

கடற்கரைகளில் கணிப்பு கடினமாகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு அரபிக்கடலில் கலக்கிறது. இத்தகைய கழிமுகங்களில் ஒரே படக்கூறில் நிலமும் நீரும் சேர்ந்துவிடும். கலங்கிய நீரும் ஆழமற்ற கடலடியும் திருப்பும் ஒளி, காற்றிலுள்ள துகள்களின் ஒளியாகத் தவறாகக் கொள்ளப்படலாம். எனவே உள்நாட்டு நகரமொன்றில் கண்ட பிழையளவைக் கடற்கரை ஊர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

வரம்புகள்

ஒளியியல் தடிமன் வளிமண்டலத்தின் முழு உயரத்திற்கும் உரியது. மக்கள் சுவாசிப்பதோ தரையை ஒட்டிய காற்றையே. துகள்கள் பரவியுள்ள உயரமும் ஈரப்பதமும் தெரிந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றை மதிப்பிடலாம். மேகம் மூடிய பருவமழைக் காலத்தில் செயற்கைக்கோள், சூரிய ஒளிமானி இரண்டுமே பயன்படா. தரையிலேயே காற்றை உறிஞ்சித் துகள்களை அளக்கும் கருவிகள் அப்போதும் இயங்கும்.