துப்பாக்கி உறுப்புகளின் பொருத்தமும் பரிமாற்றமும்

துப்பாக்கி உறுப்புகளின் பரிமாற்றம் என்பது, ஒரு துப்பாக்கியின் எந்த உறுப்பையும் அதே வகையைச் சேர்ந்த வேறொரு துப்பாக்கியில், அரத்தால் ராவாமல் அப்படியே பொருத்த இயலும் நிலையைக் குறிக்கும். பிரான்சில் தொடங்கிய இம்முயற்சி அமெரிக்க அரசின் ஆயுதச் சாலைகளில் முழுமை பெற்றது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பின்னணி

18-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் தனிப் படைப்பாகவே இருந்தது. கொல்லர் உறுப்புகளைத் தோராயமாக அடித்துத் தருவார். பொருத்துபவர் அவற்றை அரத்தால் ராவி, ஒன்றோடொன்று இசையச் செய்வார். இரும்பு மென்மையாக இருக்கும்போதே இந்த வேலை முடிய வேண்டும். பதமேற்றிக் கடினமாக்கிய பின் அரம் ஏறாது. எனவே பொருத்திப் பார்த்த உறுப்புகளில் அடையாளக் கோடுகள் இட்டு, பிரித்து, பதமேற்றி, மீண்டும் அதே துப்பாக்கியில் பூட்டினர். பதமேற்றும்போது உறுப்பு சற்று வளைந்தாலும் வேலை இரட்டித்தது. போர்க்களத்தில் ஓர் உறுப்பு உடைந்தால், திறமையான கொல்லர் ஒருவர் அருகில் இல்லாவிடில் அந்தத் துப்பாக்கி பயனற்றுப் போகும்.

பிரான்சில் முதல் முயற்சி

பிரெஞ்சுத் துப்பாக்கிக் கொல்லர் ஒனோரே பிளாங்க், அச்சுகளையும் அளவிகளையும் கொண்டு ஒரே அளவான உறுப்புகளைச் செய்ய முயன்றார். பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1785-இல் அவரது பட்டறைக்குச் சென்றார். 50 சுடும் பொறிகளின் உறுப்புகள் அங்கே பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஜெபர்சன் கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே சில பொறிகளைப் பூட்டினார். அவை சரியாகப் பொருந்தின. இதை அவர் தம் நாட்டு அரசுக்குக் கடிதமாக எழுதினார்.

விட்னியின் ஒப்பந்தம்

பருத்தி அரவை இயந்திரத்தால் புகழ்பெற்ற எலி விட்னி, 1798-இல் 10,000 துப்பாக்கிகளை ஏறத்தாழ 2 ஆண்டுகளில் செய்து தர அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தார். 1801-இல் வாஷிங்டனில் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புகளை மாற்றிப் பூட்டிக் காட்டினார். எனினும் ஒப்பந்தம் 1809-இல்தான் நிறைவேறியது. எஞ்சியுள்ள அவரது துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், பல உறுப்புகள் மாறிப் பொருந்தாததையும் அவற்றில் தனித்தனி அடையாளங்கள் இருந்ததையும் கண்டனர். பரிமாற்ற முறையின் தந்தை என்று பாடநூல்கள் நெடுங்காலம் போற்றிய விட்னியின் இடம் இதனால் ஆட்டங்கண்டது.

ஹாலின் தீர்வு

பின்புறம் மருந்திடும் ரைஃபிளை வடிவமைத்த ஜான் ஹால், 1819 முதல் ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதச் சாலையில் பணிபுரிந்தார். பொருத்தம் ஏன் கெடுகிறது என்பதை அவர் தெளிவாகக் கண்டறிந்தார். ஓர் உறுப்பில் முதல் துளையிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்தால், ஒவ்வோர் அளவிலும் நேரும் சிறு பிழை அடுத்ததோடு சேர்ந்து வளர்கிறது. எனவே எல்லா அளவுகளையும் ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும் என அவர் வகுத்தார். உறுப்புகளைச் சோதிக்கப் பல அளவிகளையும், அவற்றை வெட்டத் தனி இயந்திரங்களையும் உருவாக்கினார். அரசு நியமித்த குழு ஒன்று 1826-27-இல் அவரது ரைஃபிள்களைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து பூட்டி, அவை மாறிப் பொருந்துவதை உறுதி செய்தது. 1834-இல் கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்த ரைஃபிள்களின் உறுப்புகள் ஹாலின் ரைஃபிள்களிலும் பொருந்தின. தொலைவிலுள்ள இரு பட்டறைகள் ஒரே அளவைக் காத்தது இதன் சிறப்பு.

தொழிலாளர் எதிர்ப்பு

இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தம் விருப்பப்படி வந்து, செய்த எண்ணிக்கைக்குக் கூலி பெற்ற கைவினைஞர்கள், கடிகாரத்துக்கும் அளவிக்கும் கட்டுப்பட வேண்டியதாயிற்று. கண்ணும் கையும் கற்ற நுட்பத்துக்குப் பதிலாக இயந்திரத்தைக் கவனிக்கும் வேலையே எஞ்சியது. 1842-இல் ஹார்ப்பர்ஸ் பெர்ரி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கால்வாய்ப் படகில் வாஷிங்டன் சென்று அதிபர் ஜான் டைலரிடம் முறையிட்டனர். அவர் பரிவு காட்டினாலும், வேலைக்குத் திரும்புமாறே கூறினார்.

பிரிட்டனின் ஆய்வு

1842-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி, அரசின் இரு ஆயுதச் சாலைகளிலும் முழுப் பரிமாற்றத்துடன் பெருமளவில் செய்யப்பட்டது. 1854-இல் ஸ்பிரிங்பீல்டுக்கு வந்த பிரிட்டிஷ் குழு, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாக 10 துப்பாக்கிகளைத் தேர்ந்து, பிரித்துக் கலக்கச் செய்தது. தொழிலாளி ஒருவர் திருப்புளி ஒன்றை மட்டும் கொண்டு அவற்றைத் தடையின்றிப் பூட்டினார். இதன்பின் பிரிட்டன் அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்பீல்டு ஆலையில் நிறுவியது.

விளைவு

ஆயுதச் சாலைகளில் பயின்ற வினைஞர்கள் வழியே இம்முறை தையல் இயந்திரம், மிதிவண்டி முதலிய தொழில்களுக்குப் பரவியது. ஆனால் அது எளிதில் நிகழவில்லை. புகழ்பெற்ற சிங்கர் நிறுவனம்கூட 1880-கள் வரை உறுப்புகளை அரத்தால் ராவியே பொருத்தியது. துல்லியத்துக்கு ஆகும் செலவை அரசு தாங்கியதாலேயே அது முதலில் துப்பாக்கியில் கைகூடியது. இன்று உதிரிப் பாகம் ஒன்றை வாங்கி நேராகப் பூட்ட முடிவது அந்த நெடிய உழைப்பின் பயனாகும்.