இருபதாம் பெட்டி

ஆச்சி வீட்டுப் பரணில் உள்ளங்கை அளவுப் பித்தளைக் கிண்ணம் ஒன்று கிடந்தது. அடியில் துளைகள். "சல்லடையா ஆச்சி?" என்றேன். "பெட்டின்னு சொல்லுடே. தாத்தா முத்து அரிச்சது" என்றாள்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு என்றால் நாலு பேருக்குத் தெரிவது கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கும் குளியாளியை. வெள்ளைக்காரர் ஆட்சியின் பிற்காலத்தில் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, மணலிலிருந்து முத்தைப் பொறுக்குவார். பெட்டிக்கு வேலை அப்புறம்தான்.

மொத்தம் பத்துப் பெட்டி. துளைகள் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை கூடக்கூடக் கண் சிறுக்கும். இருபதில் தங்கினால் பெரிய முத்து. அளவு பிரித்தபின் தரம்: குறையில்லாத உருண்டை ஆணி, வளைந்து நெளிந்தது மடங்கு, கடைசியில் தூள். எடை மஞ்சாடியில். எந்தப் பெட்டி, என்ன ரகம், எத்தனை மஞ்சாடி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விலை.

போன வருஷம் முத்துக்கடை வைத்திருக்கும் உறவினருக்குக் கைபேசிச் செயலி ஒன்று எழுதினேன். முத்துப் பட்டியலை அதில் சேமிக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் ஷேர்டு பிரிஃபரன்சஸ் என்ற சேமிப்பிடம் எண், ஆம்-இல்லை, எழுத்துச் சரம் போன்ற எளிய சரக்கைத்தான் வாங்கும். மூன்று விவரமுள்ள முத்தை அப்படியே வாங்காது. அதனால் ஜிசான் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு பட்டியலை ஜேசன் எழுத்தாக்கி வைத்தேன். சேமிப்பு சுத்தமாக நடந்தது. திரும்ப எடுக்கும்போது வெறும் 'பட்டியல்' என்று மட்டும் கேட்டுவிட்டேன். எல்லாம் வந்தது, முத்தாக வரவில்லை. பெயரும் மதிப்புமாக உதிரியாய் வந்தது. பெட்டி எண் 20, 20.0 ஆகியிருந்தது. முதல் முத்தைத் தொட்டதுமே செயலி விழுந்தது.

ஜேசன் எழுத்தில் விவரம் இருக்கும், இனம் இருக்காது. அதை எடுக்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஜிசானில் இனத்தைச் சொல்ல உதவும் டைப்டோக்கன் வைத்து 'முத்துகளின் பட்டியல்' என்று கேட்டேன். சரியாக வந்தது. பெட்டி கலைந்த முத்தைத் தாத்தா மறுபடி அரித்திருப்பார், அதே வேலைதான்.

இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. பிறகு பெட்டி பரணுக்குப் போனது. செயலி சரியான அன்று இரவு அந்தப் பெட்டியை விளக்கில் பிடித்து, துளைகளை ஊசியால் குத்திக் குத்தி எண்ணினேன். இருபது. புள்ளியும் இல்லை, பூஜ்யமும் இல்லை.